12 நாள் நீச்சல் கேம்ப் முடிஞ்சும் பையன் தலைய தண்ணில முக்க மாட்டேங்கிறான், என்ன பண்ணலாம்?

நீங்க கேட்டது இதுதான்: பையனுக்கு 6 வயசு, மே மாசம் 12 நாள் சம்மர் கேம்ப்ல விட்டீங்க, கேம்ப் முடிஞ்சே போச்சு, இன்னும் மூஞ்சிய தண்ணிக்குள்ள வைக்க மாட்டேங்கிறான். கூட சேர்ந்த மாமா பொண்ணு 8 வயசு, அவ எட்டாவது நாளே தனியா நீந்திட்டா. வீட்ல பெரியவங்க பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்றாங்க. இன்னொரு 12 நாளைக்கு ஃபீஸ் கட்டறதா, கோச்சை மாத்தறதா, இல்ல அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு விட்டுடறதா?

நான் கோயம்புத்தூர்ல 17 வருஷமா சின்ன பசங்களுக்கு நீச்சல் சொல்லித்தர்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஒரு கணக்கு போட்டு பாப்போம். ஒரு செஷன் 45 நிமிஷம். ஷவர்ல நனையறது, வரிசைல நிக்கறது, கை காலை ஆட்டறதுன்னு 10 நிமிஷம் போயிரும், மிச்சம் 35. மே மாசத்துல ஒரு கோச்சுக்கு 10 பசங்கன்னா அது நல்ல கேம்ப்புங்க, 15, 18ன்னு ஏத்தற இடமெல்லாம் இருக்கு. 35ஐ பத்தால வகுத்தா ஒரு புள்ளைக்கு மூணரை நிமிஷம், 12 நாளைக்கு 42 நிமிஷம். ஆக உங்க பையன் பக்கத்துல ஒரு ஆள் நின்னு, அவன் வயித்துக்கு அடியில கை குடுத்து, அவன் மூஞ்சிய பாத்து சொல்லிக்குடுத்த நேரம் மொத்தமா முக்கால் மணி நேரம் கூட வரல. அந்த 12ங்கிற நம்பர் இருக்கே, அது லீவு எத்தன நாளு, எத்தன பேட்ச் ஓட்டலாம்னு பாத்து பூல்காரங்க வெச்சது, எந்த புள்ளையோட உடம்பையும் பாத்து வெச்சதில்ல. நானும் 12 நாள்ல நீச்சல்னு போர்டை மாட்டி ஃபீஸ் வாங்கினவன்தான், அதனால தைரியமா சொல்றேன்.

அடுத்து அந்த மாமா பொண்ணு. 6 வயசு புள்ளைங்க சராசரியா 115 சென்டிமீட்டர் இருப்பாங்க, 8 வயசுன்னா 127 கிட்ட. பூல்ல ஆழம் கம்மியான ஷாலோ பக்கம் 3 அடின்னு எழுதியிருந்தா அது 91 சென்டிமீட்டர். அவளுக்கு அது நெஞ்சு வரைக்கும், உங்க பையனுக்கு கழுத்து வரைக்கும். பக்கத்துல ஒருத்தன் தொபுக்குன்னு குதிச்சா அந்த அலை அவளுக்கு தோள்ல படும், இவனுக்கு நேரா வாயிக்குள்ள போகும். ஒரே பூல்னு நீங்க கேலரில உக்காந்து நெனைக்கறீங்க, அவங்க ரெண்டு பேருக்கும் அது வேற வேற பூல். உங்களை யாராவது கழுத்தளவு தண்ணில நிக்க வெச்சு பத்து பேரை சுத்தி குதிக்க விட்டா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அப்புறம் பயந்தாங்கொள்ளின்னு சொல்லலாம்.

நான் கத்துக்கிட்டது பூல்ல இல்ல, கோபி பக்கம் எங்க தோட்டத்து கிணத்துல. அப்பல்லாம் சொரப்பொரடையை, அதாவது காஞ்சு கூடான சொரக்காயை, முதுகுல கட்டி விட்ருவாங்க, வசதியானவங்க வீட்ல லாரி டியூப். எங்கண்ணன் கட்டின முதல் நாளே குதிச்சுட்டான். நான் ஒரு கோடை லீவுல கிணத்து படியில உக்காந்து வேடிக்கை பாத்தவன். அப்ப சித்தப்பா ஒருத்தர், தூக்கி போட்டா தன்னால வந்துரும்னு பின்னாடி இருந்து தள்ளி விட்டுட்டார், மூக்குல தண்ணி ஏறி மூளை வரைக்கும் எரிஞ்சுது, அதோட அந்த லீவு முடிஞ்சுது, கிணத்து பக்கமே போகல. தூக்கி போட்டு கத்துக்கிட்டேன்னு பெருமையா சொல்றவங்களை நிறைய பாத்திருப்பீங்க, அந்த மாதிரி தூக்கி போட்டு ஆயுசுக்கும் தண்ணில இறங்காம போனவங்க எங்கயும் வந்து சொல்லிக்க மாட்டாங்க, அதான் வித்தியாசம். எனக்கு 40 வயசு ஆளுங்க பேட்ச்சும் இருக்கு, முக்காவாசி பேர் கதை அந்த தூக்கி போட்ட கதைதான்.

அடுத்த லீவுல எங்க அப்பாரு ஒண்ணும் சொல்லித்தரல, கூட படியில உக்காந்துக்கிட்டு தண்ணில வாயை வெச்சு பூஊஊன்னு ஊதி, நான் என்ன சொன்னேன் சொல்லுன்னு கேப்பார். நான் குனிஞ்சு காதை வெச்சு கேட்டு, திருப்பி ஊதி, அவருக்கு ஒரு கெட்ட வார்த்தைய அனுப்பி, அப்படியே விளையாட்டா போயிருச்சு. ரெண்டு வாரத்துல அண்ணன் கூட மல்லாக்க மிதந்தேன். நாப்பது வருஷம் கழிச்சு யோசிச்சா, நீச்சல்ல இருக்கற கஷ்டத்துல பாதி அந்த ஊதறதுக்குள்ளதான் இருக்கு.

ஏன்னு சொல்றேன். சின்ன பசங்க தண்ணிக்குள்ள போனதும் கன்னத்தை பலூன் மாதிரி உப்பிக்கிட்டு மூச்சை பிடிச்சுக்குவாங்க. மூச்சு முட்டற அந்த தவிப்பு பெரும்பாலும் ஆக்சிஜன் தீர்ந்து போறதால வர்றதில்ல, உள்ள கார்பன் டை ஆக்சைடு சேர்றதால வர்றது. தண்ணிக்குள்ளயே ஊதி விட்டுட்டா தவிப்பு குறையும், தலைய தூக்கினதும் காத்தை உள்ள இழுக்கற ஒரு வேலைதான் மிச்சம். ஊத கத்துக்காத புள்ளை தலைய தூக்கற அந்த அரை செகண்டுல வெளிய விடணும், உள்ளயும் இழுக்கணும், ரெண்டும் நடக்காது, நாலாவது கை போடறப்ப மூச்சு வாங்கும், கம்பிய பிடிக்கும். கை நல்லா போடறான், கால் நல்லா அடிக்கறான், ஆனா 5 மீட்டருக்கு மேல போக மாட்டேங்கிறான்னு பெத்தவங்க வந்து ஸ்டாமினா இல்ல சார், ராகி கஞ்சி குடுக்கட்டுமாம்பாங்க. கஞ்சி குடுங்க, நல்லதுதான், ஆனா விஷயம் ஊதறதுல இருக்கு. சில புள்ளைங்களுக்கு இது ஒரே நாள்ல வந்துரும், சிலதுக்கு ரெண்டு மாசம். அறிவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, படிப்புல புலியா இருக்கற பசங்கதான் என்கிட்ட நிறைய கேள்வி கேட்டுட்டு கம்பியையே பிடிச்சு நிப்பாங்க.

அடுத்த இடம் மிதக்கறது. நுரையீரல்ல காத்து நிறைய இருந்தா மனுஷ உடம்பு தண்ணிய விட லேசு, மிதக்கும். முழுசா வெளிய விட்டா மெதுவா கீழ போகும். அழற புள்ளை, கத்தற புள்ளை காத்தை வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், அதனால நெஜமாவே முங்கும், முங்கறதால இன்னும் பயப்படும். இன்னொண்ணு, நம்மளை தண்ணில தூக்கி பிடிக்கறது நெஞ்சு பக்கம், உடம்போட வெயிட்டு இடுப்பு பக்கம், அதனால காலு தானா இறங்கும். ஒல்லியான பசங்களுக்கு இது இன்னும் ஜாஸ்தி, கொஞ்சம் பூசினாப்ல இருக்கற பசங்க முதல் வாரமே தக்கை மாதிரி மிதப்பாங்க. எலும்பும் தோலுமா இருக்கற பையன் கடப்பாரை நீச்சல் போடறான்னு எல்லாரும் சிரிப்பாங்க, ஆனா பின்னாடி வேகமா நீந்தறதுல அவனும் ஒருத்தனா இருப்பான். தலைய தூக்கினா இடுப்பு இறங்கும், தலைய தண்ணில விட்டா இடுப்பு ஏறும், இதை நான் நூறு தடவ சொன்னாலும் புரியாது, ஒரு தடவ அவன் உடம்புல நடந்துட்டா அப்புறம் மறக்காது.

மல்லாக்க மிதக்கறப்ப யாரும் கவனிக்காத ஒரு விஷயம் காது. தலைய சாச்சதும் காதுக்குள்ள தண்ணி போகும், சத்தமெல்லாம் சட்டுனு மாறிரும், நான் பேசறது கேக்காது, அம்மா குரல் கேக்காது, வெறும் பொம்முனு ஒரு சத்தம். சில புள்ளைங்க பயம் பூரா அந்த சத்தத்து மேலதான், தண்ணி மேல இல்ல. ஒரு பொண்ணு ஆறு வாரம் மல்லாக்க படுக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா, அப்புறம்தான் கேட்டேன் என்ன கண்ணு பயம்னு, யாரோ பேசறாங்க உள்ளனு சொன்னா. மோட்டார் ரூம் சத்தம். கூட்டிட்டு போய் மோட்டாரை காட்டினேன், அடுத்த வாரம் மிதந்தா. இதெல்லாம் எந்த 12 நாள் சிலபஸ்லயும் வராது.

உங்க பையன் மூஞ்சிய வைக்க மாட்டேங்கிறான்னா வேற வழியும் இருக்குங்க. மைக்கேல் ஃபெல்ப்ஸ் தெரியும்ல, ஒலிம்பிக்ஸ்ல 23 தங்கம், மொத்தம் 28 மெடல். அவர் 7 வயசுல பூலுக்கு வந்தப்ப மூஞ்சி நனையறதுன்னாலே ஆகாது, அதனால மல்லாக்க மிதக்க விட்டாங்க, முதல்ல அவருக்கு வந்தது மல்லாக்க நீந்தற பேக் ஸ்ட்ரோக்தான். நம்மூர்ல எல்லா புள்ளையையும் கிக் போர்டை, அந்த மிதக்கற பலகைய, பிடிச்சு குப்புறத்தான் ஆரம்பிக்கணும்னு ஒரு பழக்கம். நான் முதல் மூணு நாள் ரெண்டு பக்கமும் விட்டு பாப்பேன், எந்த பக்கம் முகம் சுளிக்காம இருக்கானோ அங்கிருந்து ஆரம்பிப்பேன். கால் அடிக்கறதும் அப்படித்தான், சில பசங்க பாதம் விறைப்பா இருக்கும், ஃப்ரீஸ்டைல் கிக் அடிச்சா இருந்த இடத்துலயே நிப்பாங்க, சில சமயம் பின்னாடி கூட போவாங்க, அதே பாதத்துக்கு தவளை மாதிரி உதைக்கறது அழகா வரும். சரி அதை முதல்ல குடுத்தா போச்சு.

வயசு பத்தி. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2019ல சொன்னது என்னன்னா, 1 வயசுக்கு மேல தண்ணி பழக்கம் குடுக்கலாம், 4 வயசு வாக்குல பெரும்பாலான பசங்க பாடமா கத்துக்க தயாராயிருவாங்க, ஆனா அது ஒவ்வொரு புள்ளைக்கும் மாறும்னு. ஆஸ்திரேலியாவுல 1995ல ஃப்ரீஸ்டைல் கத்துக்கற பசங்களை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2 வயசுல சேர்ந்தவங்க, 3ல சேர்ந்தவங்க, 4ல சேர்ந்தவங்க எல்லாரும் ஏறத்தாழ அஞ்சரை வயசுலதான் ஒரே நிலைக்கு வந்தாங்க. சீக்கிரம் சேர்ந்தவங்க கூடுதலா கிளாஸ் போனாங்க, அவ்வளவுதான். சீக்கிரம் விடக்கூடாதுன்னு சொல்லல, தண்ணி பழக்கம் எப்பவும் நல்லது, ஆனா கையையும் காலையும் மூச்சையும் ஒண்ணா ஓட்டற அந்த வேலைக்கு உடம்பு தயாராக ஒரு நேரம் இருக்கு. உங்க பையன் 6, இப்பத்தான் அந்த வாசல்ல நிக்கறான்.

நெதர்லாந்துல ஊர் பூரா கால்வாய், அங்க பசங்களுக்கு ஏ, பி, சின்னு மூணு டிப்ளமோ. அந்த முதல் ஏ வாங்கறதுக்கே வாரத்துக்கு ஒரு கிளாஸ்னு போனா ஒரு வருஷத்துக்கு மேல ஆகிறது அங்க சாதாரணம். அதுல சட்டை பேன்ட் போட்டுக்கிட்டு நீந்தணும், தண்ணிக்குள்ள ஒரு துணியில இருக்கற ஓட்டை வழியா முங்கி போகணும். நாம மே மாசம் 12 நாள்ல முடிச்சு சர்டிஃபிகேட் கேக்கறோம், அது தப்புன்னு இல்ல, நமக்கு பழகிருச்சு.

இந்த அவசரத்துல எனக்கு நெஜமா பயம் எங்கன்னா, உங்க பையனை மாதிரி பசங்க மேல இல்ல, அந்த மாமா பொண்ணு மாதிரி பசங்க மேல. தண்ணிய பாத்து பயப்படற புள்ளை ஓரமா நிக்கும். 15 மீட்டர் நீந்த தெரிஞ்ச புள்ளை எனக்கு நீச்சல் தெரியும்னு கொடிவேரி அணைல இறங்கும், கல்குவாரில இறங்கும், அங்க ஷாலோ கிடையாது, கம்பி கிடையாது, பாசி வழுக்கும், இழுப்பு இருக்கும். 2021ல மட்டும் உலகம் பூரா சுமார் 3 லட்சம் பேர் தண்ணில மூழ்கி இறந்ததா உலக சுகாதார நிறுவனம் கணக்கு போட்டிருக்கு, 5லேர்ந்து 14 வயசு பசங்க சாவுக்கு மூணாவது பெரிய காரணம் அதுதான். அதனால நீச்சல் தெரியுமான்னு கேக்கறதுக்கு நான் அமெரிக்க செஞ்சிலுவை சங்கத்துக்காரங்க வெச்சிருக்கற டெஸ்டைத்தான் வெச்சிருக்கேன்: தலைக்கு மேல ஆழம் இருக்கற தண்ணில குதிக்கணும், மேல வந்து ஒரு நிமிஷம் மிதக்கணும் இல்லன்னா நின்ன இடத்துலயே காலை ஓட்டணும், ஒரு முழு சுத்து திரும்பி கரை எங்கன்னு பாக்கணும், 25 கெஜம், அதாவது சுமார் 23 மீட்டர், நீந்தி அங்க போகணும், ஏணி இல்லாம ஏறணும். எல்லாம் ஒரே மூச்சா, நடுவுல நிக்காம. உங்க மாமா பொண்ணை இதை செய்ய சொல்லுங்க, அனேகமா ஏறறதுலயே மாட்டிக்குவா. அவங்க வீட்ல தெரியணும், அதுக்காக சொல்றேன். டெஸ்ட்ல பாஸானாலும் கை எட்டற தூரத்துல பெரியவங்க ஒருத்தர் இருக்கணும், முங்கற புள்ளை சினிமால மாதிரி கத்தி கையாட்டாது, சத்தமே இல்லாம போகும்.

கையில மாட்டற காத்து பலூன், அந்த ஆர்ம் பேண்ட், அதை வாங்கி குடுத்திருந்தா கழட்டிருங்க. அது புள்ளைய நிமித்தி நிக்க வெக்கும், நீச்சலுக்கு படுக்கணும். ரெண்டு மாசம் அதோட நிமிந்து மிதந்து பழகின புள்ளைய திருப்பி படுக்க வைக்க எனக்கு நாலு மாசம் ஆகுது. அதுக்கு முதுகுல கட்டற ஃப்ளோட் எவ்வளவோ தேவல, எங்க சொரப்பொரடை மாதிரி.

குளிரும் ஒரு காரணம். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா உடம்பு சூட்டை உறிஞ்சும், சின்ன உடம்புல அது இன்னும் சீக்கிரம் நடக்கும். உதடு நீலமாகி, பல்லு தந்தியடிச்சு, தோளை காது வரைக்கும் தூக்கிட்டு நிக்கற புள்ளைக்கு எதுவும் ஏறாது. பழகற பசங்களுக்கு தண்ணி 30 டிகிரிக்கு மேல இருந்தா நல்லது. நம்மூர் பூல் பெரும்பாலானதுல ஹீட்டர் பாத்திருக்க மாட்டீங்க, கோவைல காலைல 6 மணி பேட்ச்ல ஜூன் காத்துல நிக்க வெச்சா பெரியவங்களே ஓடிருவாங்க.

நடுவுல ஒரு கட்டம் வரும், ரெண்டு மூணு வாரம் ஒண்ணுமே நகராது, சில சமயம் வந்ததும் போயிரும், போன வாரம் 10 மீட்டர் போன புள்ளை இந்த வாரம் கம்பிய விடாது. பெத்தவங்க அப்பத்தான் நிறுத்துவாங்க. நான் பாத்த வரைக்கும் அப்படி நின்னதுக்கு அப்புறம்தான் திடீர்னு ஒரு நாள் எல்லாம் சேர்ந்து வரும், ஏன்னு கேட்டா அந்த புள்ளைக்கும் தெரியாது.

கேலரி பத்தி ஒண்ணு. கைதட்டுங்க, கையாட்டுங்க, ஆனா அங்கிருந்து காலை அடி, தலைய இறக்கு, அவளை பாருன்னு கத்தாதீங்க. அந்த நேரத்துல அவன் கண்ணு என் மேல இருக்கணும், உங்க மேல போச்சுன்னா தலை திரும்பும், இடுப்பு இறங்கும், தண்ணி குடிப்பான். ஒரு அப்பா வீடியோ எடுத்து வீட்டுக்கு போய் டிவில போட்டு காட்டி தப்பு கண்டுபிடிச்சாரு, அந்த பையன் மூணாவது வாரம் வயித்து வலின்னு சொல்ல ஆரம்பிச்சான்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அடுத்த வருஷம்னு விடாதீங்க, பத்து மாசம் இடைவெளி விட்டா இந்த 12 நாள் பழக்கமும் கரைஞ்சிரும், பயம் மட்டும் பெருசாகி நிக்கும். திருப்பி தினமும் 12 நாள்னும் கட்டாதீங்க. ஸ்கூல் திறந்ததும் கூட்டம் காலியாயிரும், வாரத்துக்கு ரெண்டு நாள், ஒரு கோச்சுக்கு நாலஞ்சு பசங்க, சாயங்காலம் 4 மணி வெயில் பட்ட தண்ணி, அந்த மாதிரி ஒரு மூணு மாசம் கிடைக்குதான்னு கேளுங்க. கோச்சை மாத்தணுமான்னா, ஒரு நாள் போய் ஓரமா நின்னு பாருங்க: தண்ணிக்குள்ள இறங்கறாரா இல்ல கரைல நின்னு விசில் மட்டும் ஊதறாரா, மாட்டேன்னு சொல்ற புள்ளைய பிடிச்சு முக்கறாரா. முக்கறார்னா அன்னிக்கே கூட்டிட்டு வந்துருங்க. தண்ணில இறங்கி, பொறுமையா இருக்கார், ஆனா பசங்க ஜாஸ்தின்னா ஆள் நல்ல ஆள்தான், பேட்ச்தான் மாத்தணும்.

வீட்ல குளிக்கறப்ப பக்கெட்டுல வாயை வெச்சு ஊத விடுங்க, நீங்களும் ஊதுங்க, பக்கத்துலயே இருங்க, பக்கெட் தண்ணினு விட்டுட்டு போன் எடுக்க போகாதீங்க. அப்புறம் மூக்கு, அப்புறம் கண்ணு. தலைல தண்ணிய மக் மக்கா ஊத்தறப்ப துண்டை எடுத்து உடனே துடைச்சு விடாதீங்க, அவனே கண்ணை சிமிட்டி தண்ணிய வடிய விட பழகட்டும். யாரு ரொம்ப நேரம் மூச்சு பிடிக்கறாங்கன்னு போட்டி மட்டும் வேண்டாம், வீட்லயும் சரி பூல்லயும் சரி, நீளமா மூச்சு பிடிச்சு மயக்கமானா வெளிய தெரியாது.

காகிள்ஸ், அதாவது நீச்சல் கண்ணாடி, ஒண்ணு நல்லதா வாங்குங்க, லீக்காகாம சின்ன மூஞ்சிக்கு பொருந்தறதா, பாதி பயம் அதுலயே போகும். மாமா பொண்ணை ஒரு மூணு மாசத்துக்காவது அதே பேட்ச்ல போடாதீங்க.